எஸ்எஸ்டி விலை இறங்கியபோது வீட்டு சர்வரில் மாற்றியதும் மாற்றாமல் விட்டதும்

வீட்டு சர்வரை, அதாவது வீட்டுக் கோப்புகளையெல்லாம் ஒரே இடத்தில் வைத்திருக்கும் கம்ப்யூட்டரை, முழுக்க எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாமல் ஃபிளாஷ் சிப்பில் எழுதும் டிஸ்க்) மாற்றலாமா என்று யாராவது கேட்டால், பாதி மாற்றினாலே போதும் என்றுதான் சொல்வேன். 2023 ஜூலையில் எஸ்எஸ்டி விலை நன்றாக இறங்கிக் கிடந்தபோது வாங்கிப் போட்டேன். அதற்கப்புறம் கோடை, மழை, மின்தடை எல்லாம் பார்த்தாகிவிட்டது, சர்வர் நிம்மதியாக ஓடுகிறது. இதே மாதிரி பழைய டெஸ்க்டாப்பை சர்வராக வைத்திருக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் என்ன வாங்கினேன், எப்படி மாற்றினேன், எவ்வளவு ஆனது எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு கோவை மாவட்டத்தில் சோமனூர் பக்கம். வீட்டை ஒட்டியே தறி ஷெட், கூலிக்குக் காடா (வெளுக்காத துணி) ஓட்டுகிறோம். சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, நான்காம் தலைமுறை ஐ5, எச்81 போர்டு, 16 ஜிபி ராம் உள்ள பழைய டெஸ்க்டாப். அதில் 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு மிரராகவும் (ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்கும்), லினக்ஸுக்கு 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் இருந்தன. தறிக் கணக்கு, குடும்பப் போட்டோக்கள், சினிமா, ஷெட்டில் இருக்கும் நான்கு கேமராக்களின் பதிவு எல்லாம் அதில்தான்.

மாற்ற வேண்டிய நேரம் வந்ததை, டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கைதான் காட்டியது. ஒரு டிஸ்க்கில் 197வது வரி, அதாவது பெண்டிங் செக்டர் (சரியாகப் படிக்க முடியாத இடங்களின் எண்ணிக்கை), நெடுநாள் பூஜ்ஜியமாக இருந்தது 8 ஆகி, பிறகு 24 ஆனது. இரண்டு டிஸ்க்குமே 45,000 மணி நேரத்தைத் தாண்டியிருந்தன. அதோடு தறி ஓடும்போது அந்தச் சுவரே அதிரும். வெறும் வாசிப்பு வேகத்தை அளந்தால் இரவில் வினாடிக்கு 140 எம்பி வரும் டிஸ்க், பகலில் தறி ஓடுகையில் 80, 90 என்று தடுமாறும். கேபினெட்டுக்கு அடியில் கனமான ரப்பர் ஷீட்டை நான்காக மடித்து வைத்த பிறகு பகலிலும் 120க்கு மேல் வந்தது. ஹார்ட் டிஸ்க்கை அதிர்வு உள்ள இடத்தில் வைத்திருப்பவர்கள் செலவு செய்வதற்கு முன்னால் இதை முதலில் செய்து பார்க்கலாம், ரப்பருக்கு ஆனது 90 ரூபாய்தான்.

விலை ஏன் இறங்கியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எப்போது வாங்குவது என்ற கணக்குக்கு அது தேவை. கொரோனா காலத்தில் கம்ப்யூட்டர் விற்பனை ஏறியது, 2022ல் படுத்துவிட்டது, ஃபிளாஷ் சிப் தயாரிப்பவர்களிடம் சரக்கு தேங்கிவிட்டது. கியாக்ஸியா 2022 அக்டோபரிலிருந்து உற்பத்தியை 30 சதவீதம் குறைத்தது, மைக்ரானும் குறைத்தது, கடைசிவரை பிடிவாதமாக இருந்த சாம்சங்கும் 2023 ஏப்ரலில் குறைப்பதாக அறிவித்தது. பெரிய கம்பெனிகள் எல்லாம் உற்பத்தியைக் குறைத்துவிட்டார்கள் என்றால் தேங்கிய சரக்கு தீரும்வரைதான் இந்த விலை. நூல் விலையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. 2021ல் 2 டிபி எஸ்எஸ்டியை விசாரித்தபோது 20,000க்கு மேல் சொன்னார்கள், அதே டிஸ்க் 13,000க்குக் கீழே வந்ததும் இன்னும் இறங்கட்டும் என்று காத்திருக்காமல் வாங்கிவிட்டேன்.

வாங்குவதற்கு முன் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்தேன். மொத்தம் 2.7 டிபி. அதில் கேமரா பதிவு மட்டும் 1.7 டிபி, போட்டோவும் வீட்டு வீடியோவும் 640 ஜிபி, சினிமா 340 ஜிபி, தறிக் கணக்கும் மற்ற ஆவணங்களும் சேர்த்து 12 ஜிபிகூட இல்லை. இந்தக் கணக்கைப் போடாமல் இருந்திருந்தால் 4 டிபி எஸ்எஸ்டி இரண்டு வாங்கப் போயிருப்பேன், செலவு இரட்டிப்பாகியிருக்கும்.

கேமரா பதிவை எஸ்எஸ்டியில் போடுவதால் ஒரு பலனும் இல்லை. நான்கு கேமராவும் ஒவ்வொன்றும் வினாடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் மொத்தம் 8 மெகாபிட், அதாவது வினாடிக்கு 1 எம்பி, ஒரு நாளைக்கு 86 ஜிபி, வருடத்துக்கு 31 டிபி சொச்சம். நல்ல எஸ்எஸ்டி இதைத் தாங்கும்தான். 700 டிபி எழுதலாம் என்று உத்தரவாதம் தரும் டிஸ்க்குக்கு அது இருபது வருட வேலை. ஆனால் வினாடிக்கு 1 எம்பி எழுத ஹார்ட் டிஸ்க்கே தாராளம், எழுதியதை யாரும் திரும்பப் பார்ப்பதும் அபூர்வம், போன மாசப் பதிவு அழிந்தாலும் யாரும் தேடப் போவதில்லை. அதனால் அது ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். போட்டோக்களும் கணக்கும் மட்டும் 2 டிபி எஸ்எஸ்டி இரண்டில் மிரராகப் போகும்.

முதலில் வாங்கியது அந்த இரண்டும் இல்லை. 1 டிபி, 3,800 ரூபாய், மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒன்றை எடுத்து வந்தேன், அது சரிப்பட்டால் அதே மாதிரி இன்னொன்று வாங்கி மிரர் போடலாம் என்று எண்ணம். புது டிஸ்க் எதுவானாலும் நான் முதலில் எஃப்3 ஓட்டிவிடுவேன். டிஸ்க் முழுவதையும் கோப்புகளால் நிரப்பி, திரும்பப் படித்து, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று சொல்லும் இலவச மென்பொருள் அது. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலி டிஸ்க் என்றால் இதில் மாட்டிவிடும். இந்த டிஸ்க் போலி இல்லை, 1 டிபியும் சரியாக இருந்தது. ஆனால் எழுதும் வேகம் 430 எம்பியில் ஆரம்பித்து, 230 ஜிபி தாண்டியதும் சட்டென்று 60க்கு விழுந்தது, அப்புறம் கடைசிவரை ஏறவே இல்லை. என்னுடைய பழைய ஹார்ட் டிஸ்க்கே அதைவிட வேகம்.

காரணம் கியூஎல்சி. ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும் வகை அது. காலியாக இருக்கும்போது செல்லுக்கு ஒரு பிட் என்று அவசரமாக எழுதிக்கொள்கிறது, அப்படி எழுதினால் இடம் கால் பங்குக்குத்தான் வரும், அது தீர்ந்ததும் உண்மையான வேகம் வெளியே வந்துவிடுகிறது. 230 ஜிபியில் விழுந்ததன் கணக்கு இதுதான். தினமும் கொஞ்சமாக எழுதுபவர்களுக்கு இது தெரியவே தெரியாது. 600 ஜிபியை ஒரே மூச்சில் ஏற்றும்போதும், மிரரில் ஒன்று செத்து மற்றதிலிருந்து மீட்டெடுக்கும்போதும்தான் தெரியும். மீட்டெடுக்கும் நேரம் நீள நீள ஆபத்தும் நீளும் என்பதால் மிரருக்கு இது வேண்டாம் என்று ஒதுக்கினேன். அதை லினக்ஸுக்கும் சினிமாவுக்கும் வைத்துக்கொண்டேன், பெரும்பாலும் படிக்கிற வேலைதான் என்பதால் அங்கே அது நன்றாகவே உழைக்கிறது.

இரண்டாவது தடவை செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகையில், டிராம் (எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பை வைத்துக்கொள்ளும் தனி நினைவகம்) உள்ளதாகப் பார்த்து, சாம்சங் 870 ஈவோ 2 டிபி ஒன்றும், குரூஷியல் எம்எக்ஸ்500 2 டிபி ஒன்றும் எடுத்தேன். முன்னது 12,900, பின்னது 9,600. உத்தரவாதம் இரண்டுக்குமே ஐந்து வருடம், எழுதும் அளவு முறையே 1,200 டிபி, 700 டிபி. கோவை காந்திபுரத்தில் கடைக்காரர், "ரெண்டும் ஒரே கம்பெனியில எடுத்துக்கிட்டீங்கன்னா இன்னும் கொஞ்சம் குறைச்சுப் போட்டுத் தர்றேனுங்க" என்றார். வேறு வேறாகவே வேண்டும் என்று வாங்கி வந்தேன். ஒரே மாடல், ஒரே சமயத்தில் தயாரானது, ஒரே அளவு எழுதப்பட்டது என்றால் இரண்டும் ஒரே வாரத்தில் போக வாய்ப்பிருக்கிறது. 2019 நவம்பரில் சர்வர் தயாரிக்கும் ஹெச்பிஈ கம்பெனி தன்னுடைய சில சர்வர் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், ஃபர்ம்வேரை (டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) மாற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தது. 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் ஓட ஆரம்பித்த மிரர் என்றால் இரண்டு டிஸ்க்கும் ஒரே மணியில் போயிருக்கும். சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக அந்த ஆபத்தை வாங்க எனக்கு மனசில்லை.

இரண்டிலும் எஃப்3 ஓட்டினேன், கடைசிவரை 400க்குக் கீழே போகவில்லை. ஒரு தடவை முழுதாக நிரப்புவதால் ஆயுள் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம், 700 டிபியில் 2 டிபிதான் செலவு. சோதனை முடிந்ததும் பிளாக்டிஸ்கார்ட் என்ற லினக்ஸ் கட்டளை கொடுத்து மொத்தமாகக் காலி செய்துவிட்டால் டிஸ்க் புதிது போல ஆகிவிடும்.

அடுத்தது கேபினெட். சாட்டா (டிஸ்க்கை போர்டில் கேபிள் மூலம் இணைக்கும் முறை) எஸ்எஸ்டி இரண்டரை அங்குலம், பழைய கேபினெட்டில் மூன்றரை அங்குல இடம்தான் இருக்கிறது, ஆகவே பிராக்கெட் வேண்டும், ஒன்று 180 ரூபாய். திருகு விஷயத்தில் கவனம். மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க்கின் திருகு வேறு அளவு, எஸ்எஸ்டிக்கு எம்3. கையில் கிடைத்ததை எடுத்து முறுக்கினால் முதல் சுற்று ஏறுவது போலத் தெரியும், அதற்கு மேல் அழுத்தினால் மரை போய்விடும். விரலாலேயே மூன்று சுற்று இலகுவாக ஏறினால்தான் ஸ்க்ரூட்ரைவரை எடுக்க வேண்டும்.

எச்81 போர்டில் சாட்டா போர்ட் நான்கு, அதில் இரண்டு 6 கிகாபிட், இரண்டு 3 கிகாபிட். என் போர்டில் நிறம் வேறுபடுத்திக் கொடுத்திருந்தார்கள், இல்லாவிட்டால் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 6 கிகாபிட் இரண்டும் புது எஸ்எஸ்டிகளுக்கு. 3 கிகாபிட்டில் ஹார்ட் டிஸ்க்கைப் போட்டால் வேகம் குறையாது, வீட்டு உபயோக ஹார்ட் டிஸ்க் அந்த எல்லையைத் தொட்டால்தானே. பவருக்கு ஒரு ஸ்ப்ளிட்டர் தேவைப்பட்டது. அதில் முனையை மொத்தமாக வார்த்து மூடியிருக்கும் மலிவு வகையைத் தவிர்த்துவிடுங்கள், உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக் கருகிய சம்பவங்கள் நிறைய. கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாக உள்ளே அழுத்திச் செருகப்பட்டு, பின்பக்கம் மூடியைத் திறந்து பார்க்க முடிகிற வகையாக 250 ரூபாய்க்கு வாங்கினேன்.

கேபினெட்டைத் திறந்ததும் செய்த முதல் வேலை பஞ்சு எடுப்பது. தறி ஷெட் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிபியு ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே பஞ்சு படிந்து, ஃபேன் காற்று அதை அழுத்தி அழுத்தி, விரலால் பிடித்து இழுத்தால் ஜமுக்காளத் துண்டு மாதிரி ஒரே பாளமாக வந்தது. அதை எடுத்த பிறகு மட்டும் சிபியு வெப்பம் 71லிருந்து 54க்கு இறங்கியது. காற்று உள்ளே போகும் பக்கத்தில் முதலில் காடா துணி கட்டிப் பார்த்தேன், நெருக்கம் அதிகம், காற்றே போகவில்லை. கொசுவலைத் துணியை இரட்டையாக மடித்து, நான்கு மூலையில் சின்னக் காந்தம் வைத்து ஒட்டியது சரியாக இருக்கிறது. கழற்றி உதறி மாட்ட ஒரு நிமிடம் ஆகாது.

தகவலை மாற்றியது இப்படி. போர்ட் நான்குதான் இருக்கிறது, பழைய டிஸ்க் இரண்டு, புது டிஸ்க் இரண்டு, லினக்ஸுக்கு ஒன்று என்று ஐந்து வேண்டும். அதனால் முதலில் 1 டிபியில் டெபியன் 12 லினக்ஸை ஏற்றி, பழைய மிரர் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, நான்காவது போர்ட்டில் ஈவோவை மட்டும் போட்டு அதில் தனியாக ஒரு இசட்எஃப்எஸ் பூல் (டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் கோப்பு முறையின் தொகுப்பு) உருவாக்கினேன். அதற்குக் கொடுத்த அமைப்புகள்: எல்இசட்4 முறையில் சுருக்கம், தானாக டிரிம் (அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பது), படித்த நேரத்தைப் பதிவு செய்வது நிறுத்தம், ஆஷிஃப்ட் (ஒரு தடவையில் எழுதும் குறைந்தபட்ச அளவு) 12. ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் மென்பொருள் மூலம் போட்டோவும் கணக்கும் நகலானதும், மறுபடி செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) ஒப்பிடும் முறையில் ஒரு தடவை ஓட்டினேன். இதற்கு நேரம் பிடிக்கும், ஆனாலும் விடக்கூடாது. இந்தச் சமயத்தில்தான் பெண்டிங் செக்டர் இருந்த டிஸ்க் நான்கைந்து இடத்தில் படிக்க முடியாமல் திணறியது. மிரர் என்பதால் அடுத்த டிஸ்க்கிலிருந்து படித்துக்கொண்டு வேலை தொடர்ந்தது. ஒரு கோப்பும் போகவில்லை.

ஒப்பிட்டு முடித்ததும் பழைய மிரரில் நல்ல டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் எம்எக்ஸ்500ஐப் போட்டு, பூலில் அட்டாச் செய்தேன். தனி டிஸ்க்காக இருந்த பூல் மிரராக மாறி, தானாகவே நகலெடுத்து முடித்தது. எதையும் அழித்து மறுபடி ஏற்றத் தேவையில்லை. எண்ணிக்கை குறைவான போர்ட்டில் மாற்றுகிறவர்களுக்கு நான் கண்ட சுலபமான வழி இதுதான். அப்புறம் எஸ்எஸ்டி இரண்டையும் 6 கிகாபிட் போர்ட்டில் இருக்குமாறு கேபிளை மாற்றிச் செருகினேன். இசட்எஃப்எஸ் டிஸ்க்கை அதன் அடையாளத்தை வைத்துத்தான் பார்க்கிறது, போர்ட் மாறினால் குழம்பவில்லை.

திணறிய டிஸ்க்கை முழுவதும் எழுதி அழித்தேன், பெண்டிங் 24ம் மாற்று இடத்துக்குப் போய் எண் பூஜ்ஜியமானது. அதை நம்பி எதையும் வைக்க முடியாது என்பதால் கேமரா பதிவுக்குக் கொடுத்துவிட்டேன். நல்ல டிஸ்க்கை 2,100 ரூபாய்க்கு வாங்கிய யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டு பேக்கப்பாக வைத்துக்கொண்டேன். பேக்கப்புக்கு ஹார்ட் டிஸ்க்கையே வைத்ததற்குக் காரணம் உண்டு. எஸ்எஸ்டியை மின்சாரம் இல்லாமல் அலமாரியில் போட்டுவைத்தால் அதில் இருப்பது காலப்போக்கில் கரையும். எழுதும் ஆயுள் முடிந்த வீட்டு உபயோக எஸ்எஸ்டி, 30 டிகிரியில் ஒரு வருடம் தாக்குப்பிடித்தால் போதும் என்பதுதான் சிப் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவுகோல். புது டிஸ்க் அதைவிட நீண்ட நாள் தாங்கும்தான். ஆனாலும் நம்ம ஊர் சித்திரை மாதத்தில் பூட்டிய பீரோவுக்குள் 30 டிகிரியா இருக்கும்?

மின்சாரம்தான் எனக்கு அதிக வேலை வைத்தது. வீட்டு உபயோக எஸ்எஸ்டிகளில், சர்வருக்கென்று செய்யும் டிஸ்க்குகளைப் போல, கரண்ட் போன நொடியில் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்குக் கெப்பாசிட்டர் கிடையாது. 600 விஏ யுபிஎஸ் ஒன்று ஏற்கெனவே இருந்தது, அதற்கு 7 ஆம்பியர் பேட்டரி புதிதாக 1,050 ரூபாய்க்கு மாற்றினேன். சர்வரும் நெட்வொர்க் ஸ்விட்ச்சும் அதில் அரை மணிக்கு மேல் நிற்கும். ஆனால் அந்த யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி இல்லை, கரண்ட் போனது சர்வருக்குத் தெரியாது. அதற்கு ஒரு வழி செய்தேன். பழைய வைஃபை பெட்டி ஒன்றை யுபிஎஸ் இல்லாத ப்ளக்கில் போட்டு, சர்வர் நிமிடத்துக்கு ஒரு தடவை அதை பிங் செய்யும், அதாவது நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும். தொடர்ந்து பத்து நிமிடம் பதில் வராவிட்டால் கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொண்டு சர்வர் தானாக அணைந்துவிடும்.

அந்தப் பெட்டியை முதலில் தறி ஷெட்டில் வைத்தேன். ஒரு நாள் மத்தியானம் கரண்ட் இருக்கும்போதே சர்வர் அணைந்துவிட்டது. போய்ப் பார்த்தால் ப்ளக்கில் செல்போன் சார்ஜர். "செல்லுல சார்ஜே இல்லீங்கண்ணா, அந்த டப்பா சும்மாதானே இருக்குதுன்னு கழட்டிட்டுப் போட்டேனுங்க" என்றான் தறி ஓட்டும் பையன். அவன் மேல் தப்பில்லை. ஷெட்டுக்குத் தனி சர்வீஸ், அங்கே ஃபியூஸ் போனாலும் சர்வர் அணைந்திருக்கும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. இப்போது வீட்டுக்குள்ளேயே வேறு வேறு ப்ளக்கில் இரண்டு பழைய பெட்டிகள், இரண்டும் பேசாமல் இருந்தால் மட்டும் சர்வர் அணையும். எங்கள் வீட்டில் இன்வர்ட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான். ப்ளக்குக்கும் இன்வர்ட்டர் கொடுத்திருப்பவர்களுக்கு இந்த வழி சரிவராது.

பலன் என்ன என்று பார்த்தால், பெரிய வீடியோ ஒன்றை லேப்டாப்புக்கு எடுக்கும் வேகம் முன்பும் 112 எம்பி, இப்போதும் 112 எம்பி. கிகாபிட் கேபிளில் அதற்கு மேல் போகாது, எவ்வளவு விலை கொடுத்து டிஸ்க் வாங்கினாலும் சரி. சின்னச் சின்னக் கோப்புகளில்தான் மாற்றம். 1.8 லட்சம் போட்டோக் கோப்புகளில் எது புதிது என்று ஆர்சிங்க் தேடி முடிக்க முன்பு 14 நிமிடம், இப்போது 40 வினாடி. போட்டோ பார்க்கும் மென்பொருளான இமிச்சில் பழைய வருடங்களுக்கு வேகமாக ஓட்டிப் போனால் முன்பு சாம்பல் கட்டங்களாக நிற்கும், இப்போது விரலோடு சேர்ந்தே படங்கள் வருகின்றன. அம்மா டேப்லெட்டில் போட்டோ பார்க்க ஆரம்பித்ததே இதற்கப்புறம்தான். ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு நூறு சொச்சம் இடத்துக்குத்தான் தாவ முடியும், எஸ்எஸ்டிக்கு அது பல ஆயிரம். தறி அதிர்வும் இதற்கு ஒரு பொருட்டில்லை. கோடையில் ஹார்ட் டிஸ்க் 49 டிகிரி காட்டிய பகலில் எஸ்எஸ்டி 39ல் இருந்தது.

கரண்ட் பில் குறையும் என்று நினைத்து மாற்ற வேண்டாம். ப்ளக்கில் மீட்டர் வைத்து அளந்ததில் 52 வாட் இருந்தது 47 ஆகியிருக்கிறது. இரண்டு மாத பில்லில் 7 யூனிட், ஐம்பது ரூபாய்கூட வராது.

செலவு: எஸ்எஸ்டி மூன்றும் 26,300, பிராக்கெட் இரண்டு 360, சாட்டா கேபிள் இரண்டு 240, ஸ்ப்ளிட்டர் 250, பேட்டரி 1,050, யுஎஸ்பி பெட்டி 2,100. மொத்தம் 30,300, மேலே சொன்ன ரப்பர் தனி. 2023 கடைசியில் விலை ஏற ஆரம்பித்துவிட்டது, 2024ல் நண்பர் ஒருவருக்காக விசாரித்தபோது எம்எக்ஸ்500 2 டிபியே 13,000ஐத் தாண்டியிருந்தது.

மறுபடி செய்தால் அந்த 1 டிபியை வாங்க மாட்டேன், லினக்ஸுக்கு இருந்த 120 ஜிபியே போதும், சினிமா கேமரா டிஸ்க்கில் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். யுபிஎஸ் வாங்கும்போது யுஎஸ்பி உள்ளதாகப் பார்ப்பேன், ஆயிரம் ரூபாய் கூட ஆனாலும் பிங் செய்கிற வேலையெல்லாம் மிச்சம். பேக்கப், ஸ்க்ரப் (இருப்பதையெல்லாம் படித்துக் கெடவில்லையே என்று இசட்எஃப்எஸ் பார்ப்பது) இரண்டையும் மாதாமாதம் மின்வாரியம் பராமரிப்புக்காக கரண்டை நிறுத்தும் நாளோடு சேர்த்து வைத்திருக்கிறேன். முந்தின நாள் இரவு தறி நின்றதும் ஸ்க்ரப் ஓடும், யுஎஸ்பி டிஸ்க்கை மாட்டி பேக்கப் எடுப்பேன், மறுநாள் கரண்ட் இல்லாத நேரத்தில் கேபினெட்டைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் பஞ்சைத் தட்டிவிட்டு, அந்த டிஸ்க்கை அவிநாசியில் அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுவேன்.